மோதிரத்தில் பிறந்த சொல்

போலியானது என்று பொருள்படும் 'ஃபோனி' என்ற ஆங்கிலச் சொல் டெலிபோனிலிருந்து வந்தது என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. தொலைபேசியில் எதிராளியின் முகம் தெரியாது, குரலை மட்டும் நம்ப வேண்டும், அதனால் நம்பத்தகாததை எல்லாம் ஃபோனி என்றார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். இந்தச் சொல்லின் தாய்ச்சொல் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் தெருக்களில் புழங்கிக்கொண்டிருந்தது. நம்முடைய 'போலி'யோடு முடிச்சுப் போடவும் ஆசை வரலாம். ஓசை ஒத்துப்போகிறது என்பதைத் தவிர அதற்கும் ஆதாரம் கிடையாது. பொய்யைக் குறிக்கும் சொல்லுக்கே பொய்யான வரலாறு எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதுவும் உண்மையான வரலாறு இவற்றையெல்லாம்விடச் சுவையாக இருக்கும்போது!

ஐரிஷ் மொழியில் மோதிரத்துக்கு 'ஃபான்யா' என்று பெயர். லண்டனின் ஏமாற்றுக்காரர்கள் வாயில் அது 'ஃபானி' ஆனது. அவர்களுடைய தந்திரம் ஒன்றுக்கு 'ஃபானி ரிக்' என்று பெயர். ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1811ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு விளக்கம் இருக்கிறது. தங்க முலாம் பூசிய பித்தளை மோதிரம் ஒன்றை ஏமாற்றுக்காரன் வழியில் நழுவவிடுவான். யாரை ஏமாற்ற நினைக்கிறானோ அவர் கண்ணெதிரே அதைக் குனிந்து எடுப்பான். பிறகு அவரிடமே விற்றுவிடுவான். தங்கம் என்று அவர் நினைக்கும் மதிப்புக்குக் குறைந்த விலை, பித்தளையின் உண்மை விலையைப்போல் பத்து மடங்கு.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது வாங்குகிறவரின் நிலைதான். அந்த மோதிரம் யாரோ தொலைத்தது என்று அவர் நம்புகிறார். உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. பாதி விலைக்குத் தங்கம் கிடைத்தது என்ற மகிழ்ச்சியோடு பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார். முலாம் தேய்ந்து பித்தளை பல்லிளித்த பிறகு யாரிடம் போய் முறையிடுவார்? "பிறர் தொலைத்த பொருளை மலிவாக வாங்கினேன்" என்று சொல்ல வாய் வருமா? அந்த வாயடைப்புதான் தந்திரத்தின் உயிர்நாடி. இன்றைக்கும் பாரிஸில் சீன் நதிக்கரையில் சுற்றுலாப் பயணிகளிடம் இதே மோதிர வித்தை காட்டுகிறார்கள் என்றால், அது எவ்வளவு கச்சிதமாகக் கட்டிய சூழ்ச்சி என்று பாருங்கள். இத்தனைக்கும், அயர்லாந்தில் அதே ஃபான்யா இன்னொரு வாழ்வு வாழ்கிறது. தங்கள் மொழியைப் பேச முன்வருகிறவர்கள் சட்டையில் அணியும் சிறு வளையத்துக்கும் அதுவே பெயர்.

அட்லாண்டிக்கைக் கடந்த சொல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் 'ஃபோனி' என்ற உருவில் அச்சேறியது. 'ஃபானி'தான் இதன் மூலம் என்பதே அகராதிக்காரர்கள் பெரிதும் ஏற்கும் கருத்து. அங்கேதான் பொருளும் விரிந்தது. பண்டத்தைச் சொன்ன சொல் மனிதரையும் சொல்லத் தொடங்கியது. எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். மோதிரத்தை உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம், அமிலத்துளி விட்டுச் சோதிக்கலாம். மேடையில் ஒருவர் கண்கலங்கினால் "ஃபோனி" என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுகிறோமே, எதை எதில் உரைத்துப் பார்த்தோம்? ஒருவர் சொன்னதும் செய்ததும் முரண்பட்டால் அந்த முரணை எடுத்துக்காட்டுங்கள், அதுவே போதும். அவருடைய உள்ளமே பித்தளை என்று தீர்ப்பெழுத நம் கையில் உரைகல் இல்லை.

ஒரு போருக்கே இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1939 செப்டம்பரில் பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனி மீது போர் அறிவித்த பிறகு, 1940 மே மாதம் வரை மேற்கு முனையில் பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அந்த மாதங்களுக்குப் பெயர் 'ஃபோனி போர்'. போலந்துக்காரர்களின் இடத்திலிருந்து பார்த்தால் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. துணை நிற்போம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் எல்லையில் காத்துக்கிடக்க, போலந்து சில வாரங்களிலேயே வீழ்ந்தது. வாக்கின் மேல் இருந்தது முலாம்தான். ஆனால் அதே 1939 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ துறையில் நங்கூரமிட்டிருந்த 'ராயல் ஓக்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் பதின்வயதுப் பையன்கள். அவர்கள் இறந்த மாதங்களையும் சேர்த்து ஃபோனி என்று வரலாற்று நூல்கள் இன்றும் கூசாமல் எழுதுகின்றன. அந்தப் பெயரை அங்கே நான் எழுத மாட்டேன்.