99 சதவீதம் என்று சொல்லுமுன் ஆட்களைப் பிரித்தீர்களா?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் மதிப்பீட்டுக்குச் செல்லும்போதெல்லாம், மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு அல்சைமர் எனும் மறதி நோயைக் கண்டறியும் டீப் லேர்னிங் மாடல் (படங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல்) ஒன்றாவது பார்வைக்கு வருகிறது. துல்லியம் 98, 99 சதவீதம் என்கிறார்கள். பிள்ளைகளின் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி ஒரு முதியவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஒருவருடைய தலையை ஸ்கேன் எடுத்தால் அடுக்கடுக்காகப் பல ஸ்லைஸ்கள், அதாவது குறுக்குவெட்டுப் படங்கள், கிடைக்கும். எல்லாருடைய ஸ்லைஸ்களையும் ஒன்றாகக் கலந்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்கினால், ஒரே ஆளின் அடுத்தடுத்த ஸ்லைஸ்கள் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். அப்போது மாடல், நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதைக் கவனிக்கிறதா, அல்லது அந்த ஆளின் மண்டையோட்டு அமைப்பையே நினைவில் வைத்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல இயலாது. வினாத்தாளை முதல்நாளே காட்டிவிட்டுத் தேர்வு வைப்பது போன்ற இந்தக் கோளாறு மாணவர்களோடு நிற்பதில்லை; ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைகளைப் பரிசீலித்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இத்தகைய கசிவு நேர்ந்திருக்கக்கூடும் என்று கண்டது. காகிள் என்ற தரவுப் பகிர்வு இணையதளத்தில் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் தொகுப்பில் உள்ள 6,400 படங்களில், நோய் நடுத்தரக் கட்டத்தை எட்டியவர்களின் படங்கள் 64 மட்டுமே என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; அந்த 64ஐயும் தவறவிட்டாலும் மாடல் 99 சதவீதம் வாங்கிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.டி.என்.ஐ. எனும் அல்சைமர் ஆய்வுத் திட்டத்தின் படங்களே பெரும்பாலான ஆய்வுகளுக்கு அடிப்படை; அதில் பங்கேற்றோரில் பெரும்பகுதியினர் நன்கு படித்த வெள்ளையர்கள். பென்னாகரத்திலோ தேன்கனிக்கோட்டையிலோ பள்ளிக்கூடமே போகாமல், ஆண்டுக்கணக்கில் சர்க்கரையோடும் ரத்தக்கொதிப்போடும் வாழ்ந்த பாட்டியின் மூளையில், ரத்தக்குழாய்ப் பாதிப்பும் முதுமைச் சுருக்கமும் கலந்தே இருக்கக்கூடும். அங்கே தேறிய மாடல் இங்கே தேறுமா என்பதை இங்குள்ளவர்களின் ஸ்கேன்களில் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

அதற்கு முன்பே வீட்டளவில் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ‘வயசானா மறதி வரத்தான் செய்யும்’ என்று குடும்பத்தார் விட்டுவிடுவதால், பழகிய வழியில் தடுமாறுவதும், சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்பதும் மருத்துவரின் காதுக்கு எட்டுவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பி12 குறைபாடு, தைராய்டு குறைவு ஆகியவற்றால் வரும் மறதியை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம். வீடு தேடிச் சென்று சிகிச்சை தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வரும் ஊழியர்கள், அதே வருகையில் ஞாபகம் குறித்தும் சில கேள்விகள் கேட்க ஏற்பாடு செய்யலாம். கல்லூரிகளும் இனி, ஒரே ஆளின் ஸ்லைஸ்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி ஆள்வாரியாகப் பிரித்துச் சோதிக்காத ப்ராஜெக்ட்டுக்கு முழு மதிப்பெண் தரக்கூடாது.