பார்படாஸின் தெற்குக் கரையைப் பாருங்கள்

கரீபியன் பயணம் பெரிய ரிசார்ட்டில் தங்க வசதி உள்ளவர்களுக்குத்தான் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்குள்ள தீவு நாடான பார்படாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை எகிறுவது மேற்குக் கரையில். தெற்கே வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப் பக்கம் சின்ன விடுதிகள் இருக்கின்றன. மணலும் கடலும் அங்கேயும் அருமைதான். சமையலறையோடு அறை கேளுங்கள். உணவுப்பொருளில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் வெளிச்சாப்பாடுதான் பர்ஸைக் காலி செய்யும். வாடகைக் கார் வேண்டாம், ஒரு தடவைக்கு 3.50 பார்படாஸ் டாலர் கொடுத்து பஸ்ஸிலேயே சுற்றலாம். விடுதியில் சொன்ன அறை வாடகையில் வரியும் சேவைக் கட்டணமும் (பல இடங்களில் 10 சதவீதம்) சேர்த்தியா என்று முன்பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை வாடகை உச்சத்தில் இருக்கும். மே மாதம் போனால் குறைவு. ஜூனில் தொடங்கும் புயல் பருவமும் வந்திருக்காது.