“தம்பி, தண்டல் யாருக்குக் கட்டுறே?”

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு சந்தில், முதல் மாடியில் உள்ள ஒற்றை அறை வீட்டில், புதன்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு ஏழெட்டுப் பேர் ஜெபத்துக்குக் கூடுகிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை, ஜெபம் முடிந்து எல்லாரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். “தம்பி, தப்பா நினைக்காதே. தண்டல் யாருக்குக் கட்டுறே?” என்று மெதுவாகக் கேட்டார்.

காலையில் டீக்கடை வாசலில், சின்ன நோட்டுடன் ஒருவர் என் வண்டியருகே காத்து நிற்பதை அவர் இரண்டு முறை பார்த்திருக்கிறார். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு, போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஆன்லைன் ரம்மி ஆடி, சம்பளத்தை இழந்து, அதை மறைக்கத் தண்டல் வாங்கியிருந்தேன். பத்தாயிரம் என்று பேர். கையில் கொடுத்தது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அதை அடைக்க இன்னொன்று. அந்த மாதங்களில் ஒரு ஞாயிறுகூட நான் ஆராதனையைத் தவறவிட்டதில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடினேன். நூற்றுக்கணக்கானவர்கள் நடுவில் இருந்தும், என் நிலை ஒருவருக்கும் தெரியாது.

ஐக்கியம் என்ற சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்துகிறோம் என்று அன்றிலிருந்துதான் எனக்குத் தோன்றுகிறது. சேர்ந்து பாடுவதையும், கூட்டம் முடிந்து டீ குடிப்பதையும், கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்புவதையும் ஐக்கியம் என்கிறோம். அப்போஸ்தலர் 2:42 ஆதித் திருச்சபையார் ‘அந்நியோந்நியத்தில்’ உறுதியாய்த் தரித்திருந்ததாகச் சொல்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் கொய்னோனியா. நாம் ஐக்கியம் என்று சொல்வதும் அதைத்தான். அதே வேரிலிருந்து வந்த சொல்லைத்தான் லூக்கா 5:10, யாக்கோபையும் யோவானையும் சீமோனுடைய ‘கூட்டாளிகள்’ என்று குறிப்பிடும்போது பயன்படுத்துகிறது. மீன்பிடித் தொழிலில் கூட்டாளி என்றால் என்னவென்று காசிமேட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீன் பட்டால் பங்கு உண்டு. வலை கிழிந்தால் நஷ்டத்திலும் பங்கு உண்டு. ஆகவே வலை எங்கே கிழிந்திருக்கிறது என்று கேட்கும் உரிமையும் கூட்டாளிக்கு உண்டு. அந்த உரிமையை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஐக்கியத்தில் இருக்கிறேன் என்று சொல்வது பொய் என்றே நான் நினைக்கிறேன். நான் அந்தப் பொய்யில் வாழ்ந்தவன்.

மெதடிஸ்டு இயக்கத்தின் வகுப்புக் கூட்டங்கள் தொடங்கிய விதத்தை அறிந்தபோது எனக்கு அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடுமிடம் கட்டிய கடனை அடைக்க, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வீடு வீடாகச் சென்று அதை வாங்கினார். கொடுக்க இயலாதவர்களுக்குத் தானே போட்டார். காசு வாங்கப் போன இடத்தில்தான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது: இந்த வீட்டில் ஓயாத சண்டை, அந்த வீட்டில் குடி. இதுதான் நமக்கு இவ்வளவு காலமும் தேவைப்பட்டது என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி கண்டுகொண்டார். பணம் வசூலிக்க வந்த வழக்கம் ஆத்துமாவை விசாரிக்கும் வழக்கமாக மாறியது. என் வாசலுக்கும் நாள்தோறும் ஒருவர் வசூலிக்க வந்தார். விசாரிக்க வந்தவர் அந்த ஐயா ஒருவர்தான்.

நமக்கு இன்னும் அருகில், வேப்பேரியில் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த யோஹான் பிலிப் பெப்ரிசியஸ், வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். அவர் தமிழில் தந்த ஞானப்பாட்டுகள் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அப்படிப்பட்டவர் முதுமையில் பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கி, கடனுக்காகச் சிறைக்குப் போனார். அவரைக் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. வேதத்தை நமக்குத் தமிழில் தந்த கைகளுக்கே இது நேர்ந்தது என்றால், போதகரையும் மூப்பரையும் கணக்குக் கேட்பது அவமரியாதை என்று நாம் ஒதுங்கி நிற்பது அவர்களுக்கு நாம் செய்யும் துரோகம். தாவீது ராஜாவுக்கே “நீயே அந்த மனுஷன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நாத்தான் என்ற ஒரு தீர்க்கதரிசி தேவைப்பட்டான்.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி தன் வீட்டுப் பிரச்சினையைக் கண்ணீரோடு ஒருவரிடம் சொன்னார். மறுநாள் காலை அது ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவர் அதன்பிறகு எந்தச் சபைக்கும் போகவில்லை. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்கிறது யாக்கோபு 5:16. ஒருவருக்கொருவர் என்றால், கேட்பவரும் தன்னுடையதைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஒருவர் மட்டும் கேட்டு மற்றவர்கள் மட்டும் சொல்லும் இடத்தில் நடப்பது அதிகாரம். அதற்கு ஐக்கியம் என்று பெயர் வைக்கக் கூடாது.

எங்கள் அறையில் அதனால் ஒரு வழக்கம் உண்டு. இரண்டிரண்டு பேராகப் பிரிந்துதான் பேசுவோம், ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும். கைப்பேசிகள் சமையல் மேடையில் கிடக்கும். சொன்னது அந்தப் படிக்கட்டைத் தாண்டாது. அன்று ஐயாவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாலை என்னோடு வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் நானே சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் பதினான்கு மாதம், வாரந்தோறும், “இந்த வாரம் ஆடினாயா? எவ்வளவு பாக்கி?” என்று இரண்டே கேள்வி கேட்டார். இரண்டு முறை ஆடினேன் என்று சொல்ல வேண்டி வந்தது. அப்போதும் அடுத்த வாரம் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

இப்போது அவருக்கு மூட்டு வலி. மாடி ஏற இயலாததால் புதன்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். சென்ற வாரம் நான் கேட்க, அவர் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு, நாற்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அது என்ன என்பதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.