கள்ளக்காசுக்குக் காசு கொடுத்தவன்

"ஏன்டா, வெள்ளி வேணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே. போயும் போயும் கள்ளக்காசையா காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கே?"

சித்தப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாற்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். அவர் கையில் இருந்தது பேரரசர் டைபீரியஸ் காலத்து தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு. பைபிளில் வரும் வரிக்காசு இதுதான் என்று சேகரிப்பவர்கள் சொல்லும் வகை. நல்ல காசு என்றால் 3.7 கிராம் அளவுக்கு இருக்கும். என்னுடையது 2.9. பேரரசரின் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் வெள்ளி தேய்ந்து செம்பு எட்டிப் பார்க்கிறது. விளிம்பில் ஓரிடத்தில் பச்சைக் களிம்பு. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. கண்காட்சியில் விற்றவர் மறைக்காமல் சொல்லித்தான் கொடுத்தார். பக்கத்தில் இருந்த நல்ல காசை விட்டுவிட்டு இதை எடுத்தேன்.

திட்டிக்கொண்டே லென்ஸை வாங்கிப் பார்த்த சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பொடி வச்சு ஊதின தடமே இல்லையே, எப்படிப் பிடிச்சுது?" (பட்டறையில் பொடி என்றால் உலோகத்தைப் பற்றவைக்கும் கலவை.)

அவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், செம்புக்கு 1085. ஆனால் இரண்டும் ஒட்டி உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் 779 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அங்கே இளகுவது வெள்ளி 72 பங்கு, செம்பு 28 பங்கு சேர்ந்த கலவை. செம்பு வில்லையை வெள்ளித் தகட்டில் சுற்றிச் சரியான சூட்டில் வைத்தால் இந்தக் கலவையே பொடியின் வேலையைச் செய்து இரண்டையும் பற்றவைத்துவிடும். பிறகு அச்சில் வைத்து ஓர் அடி. சூடு கொஞ்சம் கூடினால் தகடு முழுக்க வழிந்துவிடும். வெப்பமானி இல்லாத காலத்தில், நெருப்பின் நிறத்தைப் பார்த்தே இதைச் செய்திருக்கிறான் ஒருவன். "கெட்டிக்காரத் திருடன்" என்றார் சித்தப்பா. அவர் வாயில் இது பெரிய பாராட்டு.

இப்படித் தகடு சுற்றிய காசுகளை, காசடிக்கும் அரசாங்க அக்கசாலையே செலவு மிச்சம் பிடிக்க அடித்தது என்று ஒரு கட்சி உண்டு. ரோமானியக் காசு ஆய்வாளர் மைக்கேல் கிராஃபோர்டு அதை மறுத்து, இது தனியார் கள்ளவேலை என்று வாதிட்டார். நான் அவர் பக்கம். அரசனுக்கு ஏமாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வில்லைக்கும் தகடு சுற்றிக்கொண்டா இருப்பான்? உலையிலேயே செம்பைக் கூட்டிவிட்டால் போயிற்று. பேரரசன் நீரோ கி.பி. 64-இல் அதைத்தானே செய்தான், எடையையும் மாற்றையும் (வெள்ளியின் சுத்தத்தையும்) சேர்த்துக் குறைத்து.

கள்ளக்காசு ரோமில் எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு மாரியஸ் கிராட்டிடியானஸ் கதை போதும். கி.மு. 85 வாக்கில் பிரேட்டர் என்ற உயர் நீதிப் பதவியில் இருந்தபோது, காசைச் சோதிக்க வழிசெய்து ஆணை போட்டார். ஜனங்கள் தெருவுக்குத் தெரு அவருக்குச் சிலை வைத்து தூபமும் மெழுகுவத்தியும் ஏற்றினார்கள். கி.மு. 82-இல், உள்நாட்டுப் போரில் ரோமைப் பிடித்த தளபதி சுல்லாவின் ஆட்கள் அவரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் அதே சுல்லா கள்ளக்காசுக்கு எதிராகச் சட்டம் போட்டார்! அரசியல் எங்கேயும் அரசியல்தான்.

சித்தப்பாவுக்கு நான் காட்டிய சாட்சி ரோமானிய எழுத்தாளர் பிளினி. நல்ல தினாரியஸ் பலவற்றைக் கொடுத்து ஒரு கள்ள தினாரியஸை வாங்கிப் படிக்கிறார்கள், இதென்ன விந்தை என்று முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆக, இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் பிடித்ததல்ல.

அதே பிளினி இலங்கை அரசனைப் பற்றியும் சொல்கிறார். கைப்பற்றிய ரோமானியக் காசுகளில் வெவ்வேறு தலைகள் இருந்தும் எடை எல்லாம் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அரசன் அசந்துபோனானாம். நாணயத்தை வைத்து நாணயத்தை எடைபோட்டிருக்கிறான். நம் கொங்குப் பகுதிப் புதையல்களிலும் வெள்ளி என்றால் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள்தான், நீரோ கைவைப்பதற்கு முந்தைய நல்ல மாற்று. இங்கிருந்த வண்ணக்கன் லேசுப்பட்டவன் இல்லை. (காசு நோட்டம் பார்ப்பவருக்கு நம்மிடம் இருந்த பெயர் அது. சங்கப் புலவர் பெயர்களிலேயே வரும்.)

அதற்காக எல்லாப் போலியையும் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. போன மாதம் அச்சில் வார்த்து அமிலத்தில் ஊறவைத்து, "ஆத்தங்கரையில கிடைச்சது சார்" என்று நீட்டுகிறார்களே, அது வெறும் குப்பை. உண்மையிலேயே மண்ணில் கிடைத்திருந்தால் அது இன்னும் வம்பு. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று, தயவுசெய்து தேய்க்காதீர்கள். வெள்ளி விளக்கு மாதிரி விபூதி போட்டோ, செம்பு தெரிகிறதே என்று புளி போட்டோ துலக்கினால், இருக்கிற தகடும் கையோடு வந்துவிடும்.

என் காசின் பின்பக்கம், அமர்ந்திருக்கும் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே, ஓர் உளிவெட்டு இருக்கிறது. யாரோ சந்தேகப்பட்டு வெட்டிப் பார்த்திருக்கிறான். உள்ளே செம்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். விஷயம் என்னவென்றால், அந்த வெட்டின் ஓரங்களும் மழுங்கித் தேய்ந்திருக்கின்றன. இதைக் காட்டியதும்தான் சித்தப்பா சிரித்தார். வெட்டிப் பார்த்தவன் தூக்கியெறியவில்லை, அடுத்தவன் தலையில் கட்டிவிட்டான். அவன் இன்னொருத்தன் தலையில்.