வைக்கிங் ரத்தக்காட்டேரிக்கு ஒரு வக்காலத்து

கதாநாயகன் வைக்கிங் வீரன், அதாவது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறிக் கொள்ளைக்குப் போன பழங்காலக் கடலோடி. போதாக்குறைக்கு ரத்தக்காட்டேரி. ஆயிரம் வருடம் தாண்டி வந்து இந்தக் காலத்துப் பெண் ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். நடுநடுவே சிரிப்பு. ஆங்கிலத்தில் இப்படி ஒரு நாவல் வகையே இருக்கிறது. அட்டையில் சட்டை போடாத ஆள், பின்னால் கப்பல், மேலே நிலா. இலக்கியம் படிக்கும் நண்பர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கிண்டிய கூட்டாஞ்சோறு என்பார்கள். நான் இவற்றை விரும்பிப் படிக்கிற ஆள், வெட்கமெல்லாம் கிடையாது. எனக்கு இருக்கும் குறையே வேறு. இந்த நாவல்களில் கிறுக்குத்தனம் போதவில்லை. அசல் வைக்கிங் கதைகள் இவற்றைவிடக் கிறுக்கு, இவற்றைவிடச் சிரிப்பு, சில இடங்களில் இவற்றைவிடக் காதல்.

முதலில் கூட்டாஞ்சோறு குற்றச்சாட்டு. வைக்கிங்குக்கும் ரத்தக்காட்டேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் 1897இல் வந்த டிராகுலா நாவலைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். தன் கோட்டைக்கு வந்த விருந்தாளியிடம் டிராகுலா பிரபு குலப்பெருமை பேசுகிற இடத்தில், வைக்கிங்குகள் கும்பிட்ட தோர், ஓடின் தெய்வங்களின் போர்க்குணம் ஐஸ்லாந்திலிருந்து தன் இனத்துக்கு வந்தது என்று அளக்கிறார், வெறிபிடித்துச் சண்டை போடும் பெர்செர்க்கர் வீரர்களையும் இழுத்துக்கொள்கிறார். வரலாறாக அது சுத்த உளறல்தான். ஆனாலும் காட்டேரிகளின் தலைவரே வைக்கிங் ரத்தம் தனக்குள் ஓடுகிறது என்கிறபோது, அவர் யாரிடமிருந்து உறிஞ்சினார் என்று நாம் ஏன் கேட்க வேண்டும்? அதே டிராகுலா லண்டனில் பகலிலும் நடமாடுவார். வெயில் பட்டால் காட்டேரி அழிந்துபோகும் என்பது 1922இல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப் படத்தின் கைங்கரியம். இந்த வகையில் எந்த விதியும் வேதம் இல்லை. அந்தந்தக் காலத்து ஆட்கள் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் போவோம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைத்த எட்டா என்னும் பழைய புராணப் பாடல்களில் ஹெல்கி, சிக்ரூன் கதை இருக்கிறது. சிக்ரூன் ஒரு வால்கிரி, போர்க்களத்துக்கு மேலே பறக்கிறவள். அவளுக்காகச் சண்டை போட்டு அவள் அப்பாவையே கொன்றவன் ஹெல்கி. பிறகு அவளுடைய அண்ணன் தம்பிகளில் உயிர் தப்பிய ஒருவன், ஓடின் கொடுத்த ஈட்டியால் ஹெல்கியைக் கொன்றுவிடுகிறான். புதைத்தாயிற்று. ஒரு சாயங்காலம் சிக்ரூனின் பணிப்பெண் ஓடி வருகிறாள்: செத்துப்போன ஹெல்கி தன் ஆட்களோடு குதிரையில் கல்லறை மேட்டுக்கு வந்திருக்கிறான், காயத்தில் ரத்தம் கசிகிறது, நீ வந்து நிறுத்து என்கிறான். சிக்ரூன் யோசிக்கவே இல்லை. மேட்டுக்குள் போகிறாள். ரத்தம் தோய்ந்த கவசத்தைக் கழற்றுவதற்குள் உன்னை முத்தமிட வேண்டும் என்கிறாள். அவன் தலைமுடியில் உறைபனி. அவள் அழுத ஒவ்வொரு துளியும் ரத்தமாகத் தன் மார்பில் விழுவதாக அவன் சொல்கிறான். அங்கேயே படுக்கை விரித்து, பிணத்தின் தோளில் தலைவைத்துத் தூங்குகிறாள். சேவல் கூவுவதற்குள் அவன் கிளம்பியாக வேண்டும்.

ரத்தம் இருக்கிறது, குளிர்ந்த உடம்பு இருக்கிறது, விடிவதற்குள் ஓட வேண்டிய காதலனும் இருக்கிறான். இன்னும் என்ன வேண்டும்? காலப்பயணம்கூட ஒரு மாதிரி இருக்கிறது. இருவரும் மறுபடி பிறந்து மறுபடி காதலித்தார்கள் என்று கடைசியில் ஒரு குறிப்பு வருகிறது. அதை எழுதியவர், மறுபிறவி என்பதெல்லாம் இப்போது கிழவிகளின் பிதற்றலாகத்தான் கருதப்படுகிறது என்று சேர்த்துவிடுகிறார். முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர் அப்போதே இருந்திருக்கிறார், பாருங்கள்.

சிரிப்புக்கு வருகிறேன். ஐஸ்லாந்துச் சாகாக்களில், அதாவது அந்த ஊர்ப் பழைய உரைநடைக் கதைகளில், எய்ர்பிக்யா என்று ஒன்று. அதில் தோர்குன்னா என்ற பெண் அழகான படுக்கை விரிப்புகளோடு கப்பலில் வந்து ஃப்ரோடா என்னும் பண்ணையில் தங்குகிறாள். வீட்டுக்காரி துரிட்டுக்கு அந்த விரிப்புகள்மேல் தீராத ஆசை. தோர்குன்னா சாகும்போது, படுக்கையை எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வினை வரும் என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறாள். துரிட் விடுவாளா? புருஷனை நச்சரித்து நல்ல விரிப்புகளை எடுத்து வைத்துக்கொள்கிறாள். பிணத்தைத் தூக்கிப் போகிறவர்கள் வழியில் ஒரு வீட்டில் ராத்திரி தங்குகிறார்கள். அந்த வீட்டார் சாப்பாடு போடவில்லை. உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் தோர்குன்னாவின் பிணம் எழுந்து, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், தன்னைத் தூக்கி வந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறது. சமைத்துக் கொண்டுவந்து பரிமாறவும் செய்கிறது. அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் ஃப்ரோடாவில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். துரிட்டின் புருஷனும் அவன் ஆட்களும் கடலில் மூழ்கிப்போகிறார்கள். கருமாதி விருந்துக்கு அவர்களே ஈரம் சொட்டச் சொட்ட வந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். மண்ணில் புதைத்த இன்னொரு கூட்டமும் வந்து, உடம்பிலிருக்கும் மண்ணை இவர்கள்மேல் உதறுகிறது. உயிரோடு இருப்பவர்கள் குளிரில் வேறு அடுப்பு தேட வேண்டிய நிலை. என்ன தீர்வு? நெஞ்சில் மரக்கட்டை அடிப்பதெல்லாம் இல்லை. ஸ்னோரி என்ற தலைவரின் ஆலோசனைப்படி வீட்டு வாசலிலேயே நீதிமன்றம் கூட்டி, பேய்களின்மேல் வழக்குப் போடுகிறார்கள். குற்றச்சாட்டு: அனுமதியில்லாமல் வீட்டுக்குள் நடமாடியது, ஆட்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் கேடு செய்தது. சாட்சி, விசாரணை, தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடக்கிறது. பேய்களும் சட்டத்தை மதிக்கிற பேய்கள். தீர்ப்பு வந்ததும் ஒவ்வொன்றாக எழுந்து போகின்றன. மரக்கால் தோரிர் என்ற பேய், உட்கார முடிந்தவரை உட்கார்ந்தாயிற்று என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறது.

இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒன்றை இன்றைய வைக்கிங் காட்டேரி நாவல்களில் நான் படித்ததில்லை. அங்கே சிரிப்பு என்றால் பெரும்பாலும் அந்தக் காலத்து ஆள் மைக்ரோவேவைப் பார்த்து வாளை உருவுவதுதான். முதல் தடவை சிரிக்கலாம். நாலாவது நாவலிலும் அதே மைக்ரோவேவ்.

அட்டைப்படக் கொம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு சண்டைக்குப் போனதற்கு ஆதாரம் கிடையாது. 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த கவசம் மூக்கு, கண்ணுக்குக் காப்பு வைத்த வெறும் இரும்புத் தொப்பி. கொம்பைப் பிரபலமாக்கியது 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் நடந்த வாக்னரின் ஓப்ரா என்னும் இசை நாடகத்தின் ஆடை வடிவமைப்பு. கொம்பை விட்டுத்தள்ளுங்கள், சுத்தம்தான் சுவாரஸ்யம். இங்கிலாந்தின் பழைய வரலாற்று ஏடு ஒன்று அங்கே வந்த டேனிஷ் வைக்கிங்குகளைப் பற்றிப் புலம்புகிறது: தினமும் தலை வாருகிறார்கள், சனிக்கிழமை தோறும் குளிக்கிறார்கள், அடிக்கடி உடை மாற்றுகிறார்கள், இப்படியே நம் வீட்டுப் பெண்களை மயக்கிவிடுகிறார்கள். ஆக, பெண்கள் மயங்கினார்கள் என்பதற்கு எதிரியே சாட்சி. ஆனால் 922இல் வோல்கா நதிக்கரையில் ரூஸ் எனப்பட்ட வைக்கிங் வணிகர்களைப் பார்த்த அரபுப் பயணி இப்னு ஃபத்லான் வேறு மாதிரி எழுதுகிறார். பேரீச்ச மரம்போல ஓங்கிய அழகான உடல்களாம், ஆனால் எல்லோரும் ஒரே பாத்திரத் தண்ணீரில் முகம் கழுவி, மூக்கைச் சிந்தி, துப்பி, அடுத்தவனிடம் தள்ளுவார்களாம். எந்த நாவலாசிரியரும் இரண்டாமவரைக் கண்டுகொள்வதில்லை, முதல் சந்திப்புக் காட்சிக்கே அவர் போதும் என்றாலும்.

இந்த வகையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. இந்தக் காலத்துப் பெண் பத்தாம் நூற்றாண்டில் போய் விழுகிறாள், வைக்கிங் அவளைச் சிறைபிடிக்கிறான், முந்நூறாவது பக்கத்தில் கல்யாணம். இதை என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியாது. டப்ளினில் அடிமைச் சந்தையே நடத்தியவர்கள் அவர்கள். ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கும் மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. எல்லோரும் விரும்பிக் கப்பல் ஏறியவர்கள் அல்ல. லக்ஸ்டேலா சாகாவில் ஹோஸ்குல்ட் என்பவன் மூன்று மார்க் வெள்ளிக்கு ஒரு பெண்ணை வாங்கி வருகிறான். ஊமை என்று சொல்லி விற்றார்கள். ஒருநாள் அவள் தன் சின்ன மகனோடு பேசிக்கொண்டிருப்பது அவன் காதில் விழுகிறது. அவள் ஐரிஷ் அரசனின் மகள், பெயர் மெல்கோர்கா. அத்தனை காலமும் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். சாகா எழுதியவருக்கு இருந்த நேர்மை நம் காலத்து நாவலாசிரியர்கள் பலருக்கு இல்லை.

அதனால் காலப்பயணம் எதிர்த்திசையில் நடப்பதுதான் நல்லது. அவன் இங்கே வரட்டும், அதிகாரம் அவள் கையில் இருக்கட்டும். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் இறங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். சாகா மொழியை அங்கே இன்றும் படித்துப் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் புதிதாக ஒரு பிரச்சினை முளைக்கும். மக்கள்தொகை நாலு லட்சம் பக்கம்தான். நாட்டின் வம்சாவளியே இணையத்தில் இருக்கிறது. இரண்டு பேர் போனை இடித்துக்கொண்டால் நெருங்கிய சொந்தமா என்று சொல்லும் செயலி ஒன்று 2013இல் வந்தது. பத்தாம் நூற்றாண்டில் பிள்ளைகுட்டி பெற்று வம்சம் நிலைத்த ஆள், இன்று அந்த ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் பாட்டன். யாரைக் காதலித்தாலும் பேத்தி முறை.

எனவே கதாநாயகி வெளிநாட்டுக்காரியாக இருக்க வேண்டும். ஐஸ்லாந்தில் குடியேறியவர்களில் போலந்துக்காரர்கள்தான் அதிகம். அந்தப் போலந்தில், பியென் என்ற கிராமத்தில், 17ஆம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றை 2022இல் தோண்டியபோது ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்துக்குக் குறுக்கே அரிவாள், கால் பெருவிரலில் பூட்டு. எழுந்து வந்துவிடக் கூடாது என்ற ஏற்பாடு என்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரி, மீன் ஆலையில் ராத்திரி வேலை பார்க்கிற ஒருத்தி, ரத்தப் பசியோடு எதிரில் நிற்கும் வைக்கிங்கைப் பார்த்தால் மூர்ச்சையாகி விழ மாட்டாள். ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, அந்தப் பழைய அரிவாள் எங்கே இருக்கிறது என்று கேட்பாள். அம்மா முதலில் கேட்கப்போவது, பையனுக்கு வேலை என்ன என்று.