மெடிச்சி நீரூற்றுல ஒரு வெண்கல அரக்கன்

பாரிஸ் போற யாரா இருந்தாலும் ஈபிள் டவர், லூவ்ர் எல்லாம் முடிச்சுட்டு லக்சம்பர்க் தோட்டத்துக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, கெஞ்சியே கேட்டுக்கறேன். அங்க அரண்மனைக்குக் கிழக்கால மெடிச்சி நீரூற்று இருக்கு. நீளமா ஒரு தண்ணித் தொட்டி, ரெண்டு பக்கமும் மர நிழல், அந்தக் கோடியில குகை மாதிரி எழுப்பின சுவர். நடுவுல வெள்ளைப் பளிங்குல கிரேக்கப் புராணக் காதலர்கள் ஆசிஸும் கலட்டேயாவும் ஒருத்தரை ஒருத்தர் அணைச்சுக்கிட்டு கெடக்காங்க, அவங்க தலைக்கு மேல பாறையில இருந்து அரக்கன் பாலிஃபீமஸ் எட்டிப் பாக்கறான், அவன் மட்டும் வெண்கலம். 1866-ல சிற்பி ஒகுஸ்த் ஒத்தேன் செஞ்சது.

எல்லாரும் இதை காதலர் சிலைன்னு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. எனக்கு இது அந்த அரக்கனோட சிலைதான். மூணு பேரையும் பளிங்குலயே செதுக்கியிருந்தா கண்ணுக்கு அழகா ஒண்ணு கெடைச்சிருக்கும், அவ்ளோதான். ஆனா இங்க முதல்ல வெள்ளையா இருக்கற ரெண்டு பேர்தான் தெரியறாங்க, கொஞ்ச நேரம் நின்னா கண்ணு நிழலுக்குப் பழகுது, அப்புறம்தான் மேல கருப்பும் பச்சையுமா அவ்ளோ பெரிய உருவம் குனிஞ்சு நிக்கறது தெரிய வருது, எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. காதலர்களுக்கு இன்னும் தெரியல, நமக்குத் தெரிஞ்சுடுச்சு!

ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதைல இந்த அரக்கன் வெறும் கொடூரன் இல்லீங்க. கலட்டேயா மேல ஆசை வந்ததும் மண்வாரியால தலை சீவறான், அரிவாளால தாடியைத் திருத்தறான், நூறு நாணல் சேத்துக் கட்டின குழலை எடுத்து அவளுக்காகப் பாடறான். அவ மனசு ஆசிஸ்கிட்ட. பொறுக்க முடியாம மலையில ஒரு துண்டைப் பேத்து ஆசிஸ் மேல வீசிடறான். அவன் செஞ்சது கொலை, அதுல பேச்சே இல்ல, ஆனா அந்தக் குனிஞ்ச முதுகைப் பாக்கறப்ப எனக்குக் கோவத்தோட பாவமும் சேந்தே வருது.

நீரூற்று சிலையை விட ரொம்பப் பழசு, 1630 வாக்குல ராணி மரி த மெடிச்சி கட்டினது. 1860-கள்ல பக்கத்துல ரோடு போடறதுக்காக மொத்தத்தையும் பேத்து சுமார் 30 மீட்டர் நகத்தினாங்க, அதுக்கப்புறம்தான் இந்த மூணு பேரும் குடி வந்தாங்க.

இந்த மாதிரி வெண்கலத்தை எல்லாம் தேச்சுப் பளபளன்னு ஆக்கணும்னு சிலபேர் சொல்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். மழையும் பனியும் பட்டு ஏறின பச்சைக் களிம்பு அது, பாறையில பாசி படிஞ்ச மாதிரி அவனும் அந்த இடத்தோட ஒண்ணாகிட்டான். மியூசியத்துக்குள்ள கொண்டுபோய் வெச்சா இது வராது.

இன்னொண்ணு, கதைப்படி பாறைக்கு அடியில வழிஞ்ச ஆசிஸோட ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சு தண்ணியாகி ஆறா ஓடுது. சிலையில பாறை இன்னும் விழல, கலட்டேயா ஆசிஸ் மடியில நிம்மதியா சாஞ்சிருக்கா, ஆனா கீழ தொட்டியில தண்ணி ஏற்கனவே விழுந்துட்டே இருக்கு.