முழங்கைக்கு மட்டும் ஒளிபரப்பு

(குன்னூர், மாலை ஐந்தரை மணி. தட்டில் வர்க்கி, டம்ளரில் ஆவி பறக்கும் டீ. ஊட்டியில் உள்ளூர் கேபிள் செய்தி நிலையத்தை வகுப்போடு பார்த்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்பு சந்துரு அடுப்போரம், அம்மாவைப் பெற்ற அம்மாயியின் பக்கத்தில் ஒண்டுகிறான்.)

அம்மாயி: ஏன் கண்ணு இப்படி நடுங்குகிறாய்? வெளியே அவ்வளவு பனியா?

சந்துரு: பனி இல்லை அம்மாயி, ஏசி.

அம்மாயி: ஊட்டியில் ஏசியா! சிரிப்பார்கள்.

சந்துரு: மனுஷனுக்கு இல்லையாம், மெஷினுக்காம். சத்தம் வராமல் இருக்க ஜன்னல்களையும் அடைத்துவிட்டார்கள். செய்தி வாசிக்கிற அக்கா மேலே பட்டுப்புடவை, மேஜைக்கடியில் கம்பளி சாக்ஸ்.

அம்மாயி: இருக்கட்டும். காகிதத்தைப் பார்க்காமல் அத்தனையும் மனப்பாடமாகச் சொல்கிறாளே. நீ இரண்டு வரிக் குறளுக்கே மூன்று நாள் எடுக்கிறாய்.

சந்துரு: எங்கே மனப்பாடம்? கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். கீழே திரையில் எழுத்து இடம் வலம் மாறி ஓடும், கண்ணாடியில் நேராகத் தெரியும். கேமரா அதற்குப் பின்னாலிருந்து அதன் வழியாகவே பார்ப்பதால் அந்த எழுத்து நமக்குத் தெரியாது.

அம்மாயி: இத்தனை வருஷம் அவளைப் பார் அவளைப் பார் என்று உன் அம்மாவைத் திட்டினேனே! சரி, நீ வாசித்தாயா?

சந்துரு: பழகிப் பார்க்க ஒரு பழைய செய்தி கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 மீட்டர் மழை என்று வாசித்துவிட்டேன்.

அம்மாயி: சென்டிமீட்டர்டா! 82 மீட்டர் பெய்திருந்தால் நாமெல்லாம் தொட்டபெட்டா உச்சியில்தான் குடியிருப்போம்.

சந்துரு: எழுத்து ஓடுகிறதே என்று பின்னாலேயே ஓடினேன். அப்புறம்தான் சொல்கிறார்கள், எழுத்தை உருட்டுகிறவர் நம் வேகத்தைப் பார்த்துத்தான் உருட்டுவாராம். நான் ஓட, அவர் ஓட, நாட்டு நடப்பு மொத்தமும் அரை நிமிஷத்தில் முடிந்தது.

அம்மாயி: டிவியில் எப்படித் தெரிந்தாய்? அழகாகவா?

சந்துரு: (வர்க்கியை டீயில் முக்கி, அது உடைந்து உள்ளே விழும்வரை யோசித்து) தலை அழகாகத் தெரிந்தது.

அம்மாயி: உடம்பு?

சந்துரு: வானிலை சொல்கிற இடத்தில் பின்னால் பச்சைத் துணி. பச்சை எங்கே இருந்தாலும் கம்ப்யூட்டர் அதை அழித்துவிட்டு மேப்பையோ படத்தையோ ஒட்டிவிடும். எங்கள் ஸ்கூல் ஸ்வெட்டர் என்ன நிறம்?

அம்மாயி: ஐயோ, பச்சை!

சந்துரு: முப்பது தலைகள் அந்தரத்தில். என் வயிற்றுக்குள் மலை ரயில் புகை விட்டுக்கொண்டு போனது. சார் சிரித்ததில் மைக் கழன்று விழுந்துவிட்டது. தலையைத் தவிர என்னிடம் தெரிந்தது ஒன்றே ஒன்று.

அம்மாயி: என்னது?

சந்துரு: இது. (முழங்கையைக் காட்டுகிறான். பச்சை நூல் தீர்ந்துபோய் அம்மாயி சிவப்பு நூலில் பின்னிய ஒட்டு.) தனியாகப் பறந்தது.

அம்மாயி: (எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) எத்தனை மணிக்குப் போடுவார்கள்?

சந்துரு: எட்டு மணிக்கு. எதற்கு?

அம்மாயி: எதிர்வீட்டுச் சரோஜாவைக் கூப்பிடு. ஒட்டு அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னவள் அவள்தானே.